மூன்றாவது பீப்பாய்

டிரெஸ்டன்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள பாலச்சந்திரன் அண்ணா,

நலமா? இராஜேஸ்வரி அக்கா எப்படி இருக்கிறார்கள்? உங்களுக்கு மின்னஞ்சல் போட்டால் மிதுஷா அதைப் படித்து, அப்பாவுக்கு இவ்வளவு போதும் என்று அவளுக்குத் தோன்றுவதை மட்டும் சொல்கிறாள். பெற்ற மகளே தணிக்கை அதிகாரியாக இருக்கும் வீட்டுக்குத் தபால்தான் சரி. கூடவே ஒரு பார்சல் வரும். கடிதத்தைப் படித்துவிட்டு அதைப் பிரியுங்கள்.

கட்டுரை வந்துவிட்டது. ஆறு வருஷ உழைப்பு, பதினெட்டுப் பக்கம். அது வந்த கையோடு இங்கே பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்கு நேர்காணலுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள், ஏப்ரல் 24-ஆம் தேதி. பதினோரு வருஷமாக இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று ஒப்பந்தத்திலேயே ஓட்டுகிறேன். இப்போதைய ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது, அதற்கு மேல் நீட்டச் சட்டத்தில் இடமில்லை. இந்த வேலை கிடைத்தால் இங்கே இருப்பேன், இல்லாவிட்டால் நாற்பத்துநான்கு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை வகுப்பில், போன வருஷம் மியூசியம் கண்காட்சிக்கு நீங்கள் காய்ச்சித் தந்த நம் நான்கு பீர் பீப்பாய்களின் கதையைச் சொன்னேன். லண்டனில் ஒரே ஆலை, 'மைல்ட்' என்று ஒரே பெயர். 1868-இல் அதில் ஆறரை சதவீதம் ஆல்கஹால். மாதக்கணக்கில் ஆறப்போடாமல் இளசாக விற்றதால் அந்தப் பெயரே தவிர, குடித்தவர் யாரும் மைல்டாக வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார் என்றேன். சிரித்தார்கள். 1914-இல் ஐந்து சதவீதம். பிறகு போர். தானியத்துக்குத் தட்டுப்பாடு, வரி ஏற்றம், பீரின் வீரியத்துக்கு அரசாங்கமே வைத்த வரம்பு. 1918-இல் இரண்டரை. போர் முடிந்தும் வரி பழைய இடத்துக்கு இறங்கவில்லை. நடுவில் கொஞ்சம் ஏறி, 1955-இல் மறுபடி இறங்கி மூன்று. இன்று மைல்ட் என்றாலே லேசான பீர் என்று இங்கிலாந்துக்காரனே நம்புகிறான்.

1918-இல் குடித்தவர்கள் அதை 'அரசாங்க ஏல்' என்று கேலி செய்தார்கள், முதலாளி தண்ணீர் கலக்கிறான் என்று திட்டினார்கள். அது பழி என்பதுதான் என் கட்டுரை. இருந்த கொஞ்சம் மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், ஊறவைக்கும் சூட்டை ஏற்றி, சர்க்கரையை மாற்றி, கைத்திறனால் சுவையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கண்காட்சியில் எந்தக் கிளாஸ் எந்த ஆண்டு என்று சொல்லாமல் நாற்பத்துமூன்று பேருக்குக் கொடுத்தோமே, அதில் மூன்றாவது பீப்பாயை, 1918-ஐ, தண்ணீராக இருக்கிறது என்று சொன்னவர்கள் நான்கே பேர். இந்த ஓர் எண்ணின் மேல்தான் கட்டுரை நிற்கிறது.

அன்றைக்கு நானும் அதைக் குடித்துவிட்டு அழுதேன். நீங்கள் பார்க்காத மாதிரி குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. பார்சலில் கட்டுரையும் கண்காட்சிப் புத்தகமும் இருக்கின்றன.

அன்புடன்,
நாகலட்சுமி


ஸ்டுட்கார்ட்
19 பெப்ரவரி 2024

அன்புள்ள தங்கச்சி லட்சுமிக்கு,

பார்சல் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி முதலில் கடிதத்தைத்தான் வாசித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

கண்காட்சிப் புத்தகம் டொச்சில், ஜெர்மன் மொழியில், இருப்பதால் அதை நானே வாசித்தேன். அறுபத்தோராம் பக்கம். 'நான்கு பீர்களையும் ஸ்டுட்கார்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு பீர் காய்ச்சுபவர் தயாரித்தார்.' பக்கத்தில் ஒரு படம். பீப்பாய் இருக்கிறது, அதன் மேல் என்னுடைய இரண்டு கையும் இருக்கிறது. கழுத்தோடு வெட்டிவிட்டார்கள். இராஜேஸ்வரி கையில் இருந்த மோதிரத்தை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தாள்.

கட்டுரை இங்கிலீசில், அதை மிதுஷா வாசித்துச் சொன்னாள். கடைசிப் பக்கத்தில் தொழில்நுட்ப உதவிக்கு நன்றி என்று ஒரு வரி. யாருக்கு நன்றி என்று இல்லை. நான் அவளிடம் திரும்ப வாசி, திரும்ப வாசி என்று மூன்று தரம் வாசிக்க வைத்தேன்.

அதைவிட மோசம் நாலாம் பக்கம். அந்த லண்டன் ஆலைக் குறிப்பேட்டில் ஒரே மால்ட் எடைக்குக் கீழே இரண்டு பீரின் பெயர் ஏன் எழுதியிருக்கிறது என்று ஒரு வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தீர்கள். நினைவு இருக்கிறதா? எங்கள் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டுதான் நான் சொன்னேன். துருவிய தேங்காய்ப்பூவில் முதற்பால் கெட்டியாக வரும், திரும்பத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம்பால் வரும், இரண்டையும் வேண்டிய அளவுக்குக் கலந்தால் இரண்டு கறிக்கும் காணும், அவர்களும் மால்ட்டை அப்படித்தான் பிழிந்திருக்கிறார்கள் என்று. நீங்கள் துள்ளி எழும்பி இராஜேஸ்வரியைக் கட்டிப்பிடித்தீர்கள். கட்டுரையில் அது உங்கள் கண்டுபிடிப்பு. தேங்காய்ப்பாலைக்கூட விட்டுவைக்கவில்லை.

நான் பத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து, ஒன்பது வருஷம் பீப்பாய் கழுவி, நாற்பத்தொரு வயதில் பீர் காய்ச்சும் தொழிலின் உச்சமான மைஸ்டர் பரீட்சை பாஸ் பண்ணினவன். சான்றிதழ் கொடுத்த அன்றைக்கு மேடையில் என்னுடைய பெயரை வாசித்தவர் பாதியில் தடக்கி, 'ஹெர் பாலா', மிஸ்டர் பாலா, என்று சுருக்கிப்போட்டு அடுத்தவருக்குப் போனார். அவர் ஜெர்மன்காரர், அவருக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு என்ன வரவில்லை?

இனி நான் சொல்வதையும் கேளுங்கள். உங்கள் மூன்றாவது பீப்பாயில் இருந்தது 1918 இல்லை. முதலாவது பீப்பாயின் 1868-இல் இரண்டு பங்கு, எங்கள் குழாயில் வருகிற பொடன்சே ஏரித் தண்ணீரில் மூன்று பங்கு. அவ்வளவுதான். நீங்கள் அழுதது அந்தத் தண்ணீருக்கு.

பாலச்சந்திரன்
(முழுப்பெயர். யாராவது கேட்டால் சொல்லுங்கள்.)


டிரெஸ்டன்
23 பிப்ரவரி 2024

பாலச்சந்திரன் அண்ணா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், இன்னும் உட்காரவில்லை.

பெயர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். படத்தை வெட்டியது மியூசியம். ஆனால் அச்சுக்குப் போகும் முன் பக்கங்கள் என்னிடம் வந்தன, நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்த்தால், பீர் காய்ச்சியவரே ஆராய்ச்சியிலும் பங்காளியா என்று மதிப்பீட்டாளர்கள் கேட்பார்கள் என்று பயந்தேன். இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதற்காக என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் கடைசிப் பத்தி உண்மையா, பொய்யா? ஆத்திரத்தில் எழுதினீர்களா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும். மற்ற மூன்று பீப்பாய்களுக்கும் குறிப்பேட்டுப் பக்கங்களைத் தந்தீர்கள். மூன்றாவதற்கு அப்புறம் தருகிறேன் என்றீர்கள், நானும் கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பக்கத்தை உடனே அனுப்புங்கள்.

நாகலட்சுமி


ஸ்டுட்கார்ட்
2 மார்ச் 2024

லட்சுமிக்கு,

நீங்கள் கேட்ட பக்கத்தின் கொப்பி இத்தோடு இருக்கிறது. 16 மே 2023, காலை ஆறு மணிக்கு மால்ட் ஊறவைத்ததில் இருந்து இரவு குளிரவைத்தது வரைக்கும் எல்லாம் வடிவாக எழுதியிருக்கிறது. நீங்கள் கணக்குப் போட்டு அனுப்பிய அதே அளவு.

கடைசியில் எழுதியது கோவத்தில் எழுதியது. பொய். அந்தப் படத்தைப் பார்த்ததும் விசர் பிடித்தது. உங்களுக்கும் எங்காவது நோகவேண்டும் என்று நினைத்தேன், உங்களுக்கு எங்கே நோகும் என்று எனக்குத் தெரியும். மைஸ்டராக இருக்கிற ஒருவன் தண்ணீர் கலப்பானா? யோசித்துப் பாருங்கள்.

நேர்காணலுக்கு நல்லபடி போய் வாருங்கள். இதைப் பற்றி இனிமேல் கதைக்கத் தேவையில்லை. வேலை கிடைத்தபிறகு அடுத்த பதிப்பில் பெயரைப் போடுவதென்றால் போடுங்கள், போடாவிட்டாலும் காரியமில்லை. மனிதருக்குள் இப்படி ஒரு சண்டை வந்துபோவது வழமைதான்.

இராஜேஸ்வரி உங்களைச் சுகம் கேட்டாள். உங்களுக்கு மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

பாலச்சந்திரன்


டிரெஸ்டன்
9 மார்ச் 2024

அண்ணா,

ஆறு வருஷமாக நான் படித்ததெல்லாம் பீர் ஆலைக் குறிப்பேடுகள்தான். ஒரு பக்கம் வேலை நடக்கும்போது எழுதியதா, வேலை முடிந்தபின் எழுதியதா, வேலையே நடக்காமல் எழுதியதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதை மறந்துவிட்டா எனக்கு இந்தத் தாளை அனுப்பினீர்கள்?

நீங்கள் தந்த மற்ற மூன்று பக்கங்களையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1914-க்கான பக்கத்தில் நான் கேட்ட அடர்த்தி 1.0500. உங்களுக்கு வந்தது 1.0487. ஓரத்தில் 'சனியன்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். 1868-இன் பக்கத்தில் ஏதோ சிந்தி ஒரு வரி அழிந்திருக்கிறது. 1955-இல் நடுவில் பேனா மாறுகிறது. இந்தப் பக்கத்தில் ஒரு கறை இல்லை, ஒரு திருத்தம் இல்லை. நான் அனுப்பிய எண் 1.0278. நீங்கள் எழுதியிருப்பதும் 1.0278. உலகத்தில் எந்த மால்ட்டும் நான்காவது தசமம் வரை கேட்டதைக் கொடுக்காது. இதை எனக்குச் சொன்னவரே நீங்கள்தான்.

ஆனாலும் இரண்டு நாள் நம்ப முயன்றேன். வெட்கமில்லாமல் முயன்றேன். நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ளக் கோட்டுகூட எடுத்துவிட்டேன்.

பிறகு தேதியைப் பார்த்தேன். 16 மே. அன்று மதியம் நான் உங்களுக்கு போன் செய்தேன், என் டைரியில் இருக்கிறது. பீப்பாய்கள் எப்போது வரும் என்று கேட்கத்தான் செய்தேன். நீங்கள் டூபிங்கனில் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று பேசினீர்கள். பின்னால் யாரோ டாக்டரை மைக்கில் கூப்பிடும் சத்தம் எனக்குக் கேட்டது. அக்காவுக்கு வயிற்றில் கட்டி எடுத்த நாள் அது. எனக்கு அது ஆகஸ்டில்தான் தெரிந்தது. அன்றைக்குக் காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை நீங்கள் ஸ்டுட்கார்ட்டில் நின்று மால்ட் கிண்டியிருக்க முடியாது.

நீங்கள் முதலில் ஆத்திரத்தில் எழுதியது உண்மை. நிதானமாக எழுதியது பொய். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாகலட்சுமி


ஸ்டுட்கார்ட்
20 மார்ச் 2024

லட்சுமிக்கு,

சரி. எழுதுகிறேன்.

மூன்றாவது பீப்பாயை நான் மே இரண்டாம் திகதி காய்ச்சினேன். உங்கள் கணக்குப்படிதான் காய்ச்சினேன். ஒன்பதாம் நாள் திறந்து பார்க்கப் புளித்துப்போய்க் கிடந்தது. வீரியம் குறைந்த பீருக்குத் தன்னைக் காப்பாற்றச் சக்தி காணாது, ஒரு குழாயில் சின்ன அழுக்கு இருந்தாலும் போய்விடும். குழாயைக் கழுவினவன் நான்தான். அந்தக் கிழமைதான் டொக்டர் கட்டி என்று சொன்னார். என்னுடைய கை கழுவியது, தலை அங்கே இல்லை.

பதினாறாம் திகதி திரும்பக் காய்ச்சுவோம் என்று மால்ட் எடுத்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் டெர்மினை, குறித்த திகதியை, முன்னுக்குக் கொண்டுவந்து அதே நாளைக் கொடுத்தார்கள். இராஜேஸ்வரியை உள்ளே கொண்டுபோய் இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும், அப்போதுதான் நீங்கள் தொலைபேசி எடுத்தீர்கள்.

"லட்சுமி, ஒரு ரெண்டு கிழமை தள்ளிவைக்க ஏலாதோ?" என்று நான் கேட்டேன். 

"அய்யோ அண்ணா, அழைப்பிதழ் போயாச்சு, மினிஸ்ட்ரியில இருந்து வேற வராங்க. எங்க இருக்கீங்க, ஒரே சத்தமா இருக்கு?" என்றீர்கள்.

"ஒண்டுமில்லை, ஒரு சின்ன அலுவல்."

"அப்ப ஜூன் பத்தாம் தேதிக்கு நாலும் வந்துடும்ல?"

"ஓம், வரும்."

இதுதான் நாங்கள் கதைத்தது. நான் ஏன் ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை என்று பிறகு யோசித்தேன். சொல்லியிருந்தால் தள்ளிவைத்திருப்பீர்களோ என்னவோ. நீங்கள் இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

அதன்பிறகு பதினெட்டு நாள் நான் டூபிங்கனிலேயே கிடந்தேன். அப்போது பான் நகரத்தில் இருந்த மிதுஷா வந்து மற்ற மூன்றையும் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபோது உங்கள் நாளுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. ஒரு கிழமைக்குள் காய்ச்சிய, ஆறாத பச்சைப் பீரைக் கொண்டுவந்து வைக்க ஏலாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, 1868-ஐ அதில் கலந்தேன். நிறம் வெளிறிப்போகும் என்று கருக வறுத்த மால்ட்டின் சாறு அரைப் போத்தல் விட்டேன். முழுவதும் ஒரு மணித்தியால வேலை. முப்பத்தெட்டு வருஷத்தில் செய்யாத வேலை.

அன்றைக்கே சொல்லுவோம் என்றுதான் வந்தேன். உங்களுடைய அந்த விருந்தாட்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒருவராவது முகம் சுளிக்கட்டும் என்று. நீங்கள் வந்தீர்கள், ஒரு மிடறு குடித்தீர்கள், "இதுதான் அண்ணா, இதுதான்" என்றீர்கள், கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு என்னத்தைச் சொல்ல?

இனி என்னுடைய கேள்வி. வெளியில் சொல்லாதீர்கள். எங்கள் ஆலையில் நானும் இரண்டு பேரும்தான், இது வெளியே போனால் தண்ணீர் கலந்தவன் என்ற பேர்தான் மிஞ்சும். நான் திரும்பக் காய்ச்சுகிறேன், ஐந்து கிழமை தாருங்கள். நாற்பத்துமூன்று பேரையும் திரும்பக் கூப்பிடுங்கள். உங்களுக்கு வேண்டிய எண் வந்தால் அதைச் சத்தமில்லாமல் மாற்றி எழுதிவிடுங்கள். ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்கு வேலை இருக்கும், எனக்கு ஆலை இருக்கும்.

பாலச்சந்திரன்


டிரெஸ்டன்
2 ஏப்ரல் 2024

பாலச்சந்திரன் அவர்களுக்கு,

போன வாரமே பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். நேர்காணல் குழுவுக்கும் அதன் நகலை இன்று காலை அனுப்பினேன். மதியமே பதில் வந்துவிட்டது. மிகவும் மரியாதையான பதில். என் நேர்மையைப் பாராட்டி, 24-ஆம் தேதி வரத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் யோசனையைப் பற்றி ஒரு ராத்திரியும் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நான்கு நாள் யோசித்தேன். ஐந்து வாரத்தைக் கணக்கிட்டுக்கூடப் பார்த்தேன், நேர்காணலுக்குப் பிறகுதான் வருகிறது. அதுவரை வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்து, 1918-இன் கைத்திறன் என்று நாற்பது நிமிஷம் பேச வேண்டும். என்னால் பேச முடியும். நன்றாகவே பேசுவேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பப் பெறும் குறிப்பில் காரணம் சொல்ல வேண்டும் என்றார்கள். மூன்றாவது பீர் குறிப்பேட்டின்படி காய்ச்சப்படவில்லை, நீர் கலந்தது என்று எழுதினேன். 'ஸ்டுட்கார்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு பீர் காய்ச்சுபவர்' என்று போட்டதை ஒத்துக்கொள்ளவில்லை. யார் என்று தெளிவாக வேண்டுமாம். முழுப்பெயரைக் கொடுத்துவிட்டேன். ஓர் எழுத்தும் பிசகாமல் வரும். முதல் பத்தியிலேயே வரும்.

நான்காம் பக்கத்து விளக்கம் உங்களுடையது, நான் உங்கள் பெயரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டேன் என்பதையும் அதே குறிப்பில் எழுதியிருக்கிறேன். அதனால் நாம் சரிக்குச் சரி என்று நினைக்கவில்லை. நான் உங்களிடமிருந்து எடுத்தது ஒரு பக்கம். நீங்கள் எடுத்தது முழுவதையும். ஆனால் அக்கா உள்ளே இருந்தபோது நான் பீப்பாயைக் கேட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் போனை நினைத்தால் உங்கள் மேல் வரும் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது. முழுதாகக் கோபப்படக்கூட விடாமல் செய்துவிட்டீர்கள்.

செப்டம்பருக்குப் பிறகு எவ்வளவு நாள் இங்கே இருக்கலாம் என்று கேட்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறேன். ஊறுகாயைக் கொடுத்துவிட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். அவர்கள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. சாப்பிட முடியாது, அவ்வளவுதான்.

நாகலட்சுமி


ஸ்டுட்கார்ட்
1 டிசம்பர் 2024

லட்சுமிக்கு,

இதை மதுரை விலாசத்துக்கு அனுப்புகிறேன். விலாசத்தை உங்கள் பல்கலைக்கழகச் செயலாளரிடம் மிதுஷா கேட்டு வாங்கினாள். நீங்கள் ஒக்டோபரில் போய்விட்டதாக அவர்தான் சொன்னாராம்.

உங்களுடைய அந்தக் குறிப்பு ஜூனில் வந்தது. ஜூலையில் இங்கே உள்ளூர்ப் பேப்பர்காரர் ஒருவர் அதைப் பிடித்துக் கால் பக்கத்துக்கு எழுதினார். இந்த முறை படத்தில் தலையும் இருந்தது. பதினாலு வருஷம் என்னிடம் பீர் எடுத்த இரண்டு சாப்பாட்டுக்கடைக்காரர் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆட்களின் கலியாணவீடு ஒன்றுக்குப் போனேன். என்னைவிட இருபது வயது இளையவன், முகம் நிறையச் சிரிப்போடு, "அண்ணை, உங்கட பீரிலை இப்ப எத்தினை பங்கு தண்ணி?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டான். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். இராஜேஸ்வரிதான் வாங்கோ போவம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஆலையை மார்ச்சோடு ஒப்படைக்கிறேன். வாங்குகிறவர் எலுமிச்சம் பானம் போடப்போகிறாராம்.

ஒக்டோபரில் எனக்குச் செய்ய வேலை இருக்கவில்லை. உங்கள் தாள்களை எடுத்தேன். மூன்றாவது பீப்பாயைக் காய்ச்சினேன், 1918-இல் உள்ளபடி. குழாய்களை மூன்று தரம் கழுவினேன். மால்ட்டின் எடை, சர்க்கரை, ஊறவைத்த சூடு, கொதிக்கவிட்ட நேரம், ஒன்றிலும் கை வைக்கவில்லை. இங்கிலாந்துக்காரர் போடுகிற மக்காச்சோளத்தை இங்கே சட்டப்படி பீரில் போட ஏலாது, ஆனால் அந்த வருஷத்துக் குறிப்பில் அது இல்லாததால் பிரச்சினை வரவில்லை. அடர்த்தி 1.0271 வந்தது. ஐந்து கிழமை விட்டேன். புளிக்கவில்லை. கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது.

போன கிழமை திறந்து ஒரு கிளாஸ் குடித்தேன். தண்ணீர்.

என்னுடைய நாக்கில் பிழை என்று நினைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க 1868-ஐயும் கூடவே காய்ச்சி வைத்திருந்தேன், அதில் கலந்த பீரையும் அன்றைக்குப்போலவே திரும்பக் கலந்தேன், அதே இரண்டு பங்கு, அதே மூன்று பங்கு. எந்தக் கிளாஸில் எது என்று மிதுஷாவுக்கு மட்டும்தான் தெரியும், எனக்கே அவள் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் குடித்தோம். காய்ச்சியதைப் பத்துப் பேர் தண்ணீர் என்றார்கள். கலந்ததை ஒருவர்தான் சொன்னார். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன்.

ஏன் என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது. கெட்டியாகக் காய்ச்சும்போது ஈஸ்ட் விடுகிற வாசம் வேறு, 1868-இல் கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூவும் இரண்டு மடங்குக்கு மேல். அதை எவ்வளவு தண்ணீரில் கரைத்தாலும் அந்த வாசத்தில் கொஞ்சம் நிற்கும். இல்லாததிலிருந்து காய்ச்சினால் இல்லாததுதான் வரும். கைத்திறன் எல்லாம் போட்டிருக்கிறார்கள், உண்மைதான், நான் ஒவ்வொரு அடியாகச் செய்து பார்த்தவன். செய்தும் சரிவரவில்லை. 1918-இல் அங்கே நின்று திட்டினவர்கள் வீண்பழி சொல்லவில்லை, லட்சுமி. நான் ஒழுங்காகக் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தால் அந்த நாற்பத்துமூன்று பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கட்டுரை அப்போதே முடிந்திருக்கும். நீங்கள் வேறு ஒன்றை எழுதியிருப்பீர்கள், அதற்கு உங்களுக்குக் காலமும் இருந்திருக்கும்.

காய்ச்சிய பக்கத்தின் கொப்பியும், பன்னிரண்டு பேரும் கையெழுத்து வைத்த தாளும் இதற்குள் இருக்கிறது. கறை, வெட்டு எல்லாம் இருக்கிறது, பார்த்தால் உங்களுக்குத் தெரியும்.

இதை உங்களுக்கு எழுதவேண்டாம் என்று இராஜேஸ்வரி சொன்னாள். "அந்தப் பிள்ளை வேலையையும் விட்டு, நாட்டையும் விட்டுப் போட்டுது. எழுதினது சரியெண்ட நினைப்பாவது மிஞ்சியிருக்கும். அதையும் ஏன் பறிக்கிறியள்?" என்றாள். நான் இரண்டு நாள் இந்தக் கடிதத்தை மேசையில் வைத்திருந்தேன். எனக்கு உங்கள் மேல் உள்ள கோவம் இன்னும் ஆறவில்லை. உண்மை என்பதால் எழுதுகிறேனா, அந்தக் கோவத்தில் எழுதுகிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. இன்றைக்குத் தபாலில் போடுகிறேன்.

பாலச்சந்திரன்